அண்ணன் வீட்டு மணல்

இங்கிலாந்தில் லீட்ஸுக்கு வந்த புதிதில் ஒரு காட்சியைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. கோட்டு போட்ட பெரிய மனிதர்கள் நாய்க்குப் பின்னால் நடப்பார்கள். அது வெளிக்கு இருந்துவிட்டு நகர்ந்ததும், பைக்குள் கையை நுழைத்துக் குனிந்து அள்ளிக்கொண்டு போவார்கள். ராஜபாளையத்தில் நாய் வளர்த்து விற்கும் என் அண்ணனுக்கு இதைப் போனில் சொன்னேன். "தொரைமாரு பொழப்பப் பாரு" என்று அவனும் சிரித்தான்.

அந்தச் சிரிப்போடுதான் நாலு வயது மகள் யாழினியை ஊருக்குக் கூட்டிப்போனேன். அண்ணன் வீட்டு முற்றத்தில், சுவர் கட்ட இறக்கிய மணல் குவிந்து கிடந்தது. நாய்க்குட்டிகள் அதில்தான் புரண்டன, அதில்தான் வெளிக்கு இருந்தன. யாழினியும் அண்ணன் மகள் மீனாவும் அதே மணலில் இட்லி அவித்து விளையாடி, அதே கையால் முறுக்கு தின்றார்கள். ஒரு மாதம். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காய்ந்து உதிர்ந்த பிறகு அது யார் கண்ணுக்கும் அசிங்கமாகத் தெரிவதில்லை.

திரும்பி வந்த சில மாதங்களில் யாழினியின் இடது கண் ஓரமாக ஒதுங்கத் தொடங்கியது. "ஹோமில் நாய் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். நோ என்றேன். ஹோம் என்றால் எந்த வீடு என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வாரங்கள் போயின. பெரிய மருத்துவமனையில் ஒருவர்தான் ஊருக்குப் போனதைப் பற்றி விசாரித்து, ரத்தம் எடுத்துப் பார்த்தார். நாய்க்குட்டியின் மலத்தில் வரும் புழு முட்டைகள் மண்ணில் கிடந்து முற்றுமாம். அவை பிள்ளையின் வாய் வழியே உள்ளே போய்ப் பொரிந்து, ஒரு புழு கண்ணுக்கு ஏறியிருக்கிறது. விழித்திரையில் தழும்பு விழுந்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு இனிப் பார்வை திரும்பாது. முதலிலேயே உண்டு என்று நான் சொல்லியிருந்தால்? தெரியாது என்றார்.

அன்றே அண்ணனைக் கூப்பிட்டேன். மணலை அள்ளிவிடு, குட்டிகளுக்குப் பூச்சி மருந்து கொடு, மீனாவின் கண்ணை டாக்டரிடம் காட்டு என்றேன்.

"ஏட்டி, எம்புள்ளையும் அதே மண்ணுலதான வெளையாடுதா? அவளுக்கு என்ன கொறஞ்சு போச்சு? எம் பொழப்பக் கெடுக்காத."

இன்னொரு தடவை பேசினால் உறவே அறுந்துவிடும் என்று கணவர் தடுத்தார். விட்டுவிட்டேன். மதினிக்குத் தனியாக ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

மறு வருஷம் மதினியே கூப்பிட்டாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் அம்மா வீட்டிலிருந்து. மீனாவின் வலது கண்ணில் வெள்ளையாகத் தெரிகிறதென்று அங்கே கண் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். அவர் மதுரைக்கு அனுப்பினார். மதுரையிலும் எங்களுக்குச் சொன்னதையே சொன்னார்கள்.

"அவியகிட்ட சொன்னியாமே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் போனை வைத்தாள்.

இந்தக் கோடையில் நானும் யாழினியும் போனோம். நாய்களை விற்றுவிட்டார்கள், முற்றம் முழுக்க சிமெண்டு. மதினி கேட்டைத் திறந்து, யாழினியை மட்டும் கைபிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு, திரும்பவும் கொண்டியைப் போட்டாள். வாசலில் நின்ற அண்ணன் என்னைப் பார்த்தான், உள்ளே போய்விட்டான். நான் பிறந்த வீடு அது. பெட்டியோடு தெருவில் நின்றேன். அம்மா ஏன் வரவில்லை என்று யாழினி கேட்பது காதில் விழுந்தது.

"அவளுக்கு இது ஊரு இல்ல தாயி" என்றாள் மதினி.