கோரஸ்: தவராசா

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து வீதியொன்றில் குணரத்தினம் ரெக்கோடிங் பார் நடத்தினார். வெறுங் கசெட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டுப் போனால், இசைத்தட்டுகளிலிருந்து சினிமாப் பாட்டுகளைப் பதிந்து வைத்திருப்பார். ஊருக்குள் என்ன சண்டை நடந்தாலும், செவ்வாய்க்கிழமை என்று சொன்னதைச் செவ்வாய்க்கிழமை தருவார்.

ஒரேயொரு வில்லங்கம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மைக்கைப் பிடித்து, இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர் பெயர்களைத் தன் கட்டைக் குரலில் வாசித்துப் பதிவார். பெயர் சொல்லாமல் பாட்டைக் கொடுப்பது களவு என்பது அவருடைய கட்சி. அனுமதி கேட்காமலே அத்தனை பாட்டையும் பிரதி பண்ணியதை அவர் களவில் சேர்க்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆடியில், சல்லிக் கிராமத்துக்கு மீன் வாங்கப் போன அவருடைய தம்பி தவராசா திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. குணரத்தினம் இராணுவ முகாமுக்கு நாலு தடவை மனுவோடு போனார். அப்படியொருவரைத் தெரியாது என்று நாலு தடவையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

தவராசா பாட்டின் முதல் வரியை ஒருநாளும் பாடமாட்டான். பின்னால் கூட்டமாக வரும் ‘லாலாலா’வை மட்டும் விடமாட்டான். இசைத்தட்டு உறைகளில் கோரஸ்காரர் பெயரை யார் போடுகிறார்கள்? இடம் சும்மாதானே கிடக்கிறது என்று, குணரத்தினம் ஒவ்வொரு அறிவிப்பின் முடிவிலும் “கோரஸ்: தவராசா” என்று சேர்த்து வாசிக்கத் தொடங்கினார். கோரஸே இல்லாத பாட்டுக்கும் வாசித்தார். வாடிக்கையாளர் யாரும் கவனிக்கவில்லை.

கவனித்தது அடுத்த வருடம், கிண்ணியாத் துறையடிச் சோதனைச்சாவடி. குறிஞ்சாக்கேணி ஸஹாப்தீன் தங்கையின் கலியாணத்துக்குப் பதிந்த கசெட்டோடு போனபோது மறித்து, போட்டுக் கேட்டார்கள். பன்னிரண்டு பாட்டு, நாலு இசையமைப்பாளர், எல்லாவற்றிலும் ஒரே தவராசா. இது ஏதோ சங்கேதம் என்று ஸஹாப்தீனை முகாமுக்கு ஏற்றினார்கள். கலியாணத்துக்கு மூன்று நாள் இருந்தது.

ஸஹாப்தீனின் உம்மா பல்கீஸ் கடைக்கு வந்து அழுதார். முகாமுக்குள்ளே போனால், தான் திரும்பி வருவது நிச்சயமில்லை. போகாவிட்டால் பெடியன் வருவது நிச்சயமில்லை. குணரத்தினம் இசைத்தட்டு உறைகளைப் பையில் போட்டுக்கொண்டு போனார். ஐந்தாம் தடவை உள்ளே விட்டார்கள்.

அதிகாரி கசெட்டைப் போட்டு, உறைகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். எல்லாப் பெயரும் இருந்தன, ஒன்றைத் தவிர. இந்தத் தவராசா எங்கே இருக்கிறான் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

“அவன் என்ர தம்பி, ஐயா. எங்க இருக்கிறான் எண்டுதான் நானும் ஒரு வருசமா உங்கட வாசல்ல கேட்டுக்கொண்டு நிக்கிறன்.”

அதிகாரி பெரிய கொப்பியொன்றைத் திறந்து, தகப்பன் பெயர், வயது, காணாமற்போன திகதி எல்லாம் கேட்டு எழுதினார். அந்தப் பெயரை ஒரு அதிகாரி எழுதியது அதுதான் முதல்முறை. குணரத்தினத்துக்கு அழுகை வந்தது; தடிமன்காரரைப் போல மூக்கைத் துடைத்துக்கொண்டார். கசெட்டை வைத்துக்கொண்டு ஸஹாப்தீனை விட்டார்கள்.

மறுநாள் ஸஹாப்தீன் புதுக் கசெட்டோடு கடைக்கு வந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. குணரத்தினம் அவன் முகத்தைப் பாராமல், இந்தமுறை அந்தப் பெயரை விட்டுவிடுவதாகச் சொன்னார்.

“வாசிங்க அண்ணன்,” என்றான் ஸஹாப்தீன். “தகப்பன்ட பேரையும் சேத்து வாசிங்க. இன்னொருக்காப் புடிச்சாங்கெண்டா, திரும்பவும் எழுதுவாங்கதானே.”