மகளின் பத்து லட்சத்து ஒன்று

விடை தெரிந்த அம்மா எவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்? இரண்டு வாரமாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளை, பெரிய எண் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் குணங்களை வகுப்பில் சொல்லச் சொன்னார்கள். அவள் பத்து லட்சத்து ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் என் தங்கை கல்யாணத்தில் பார்த்ததுதான். எங்கள் வீடுகளில் சீர் பட்சணத்தை எப்போதும் ஒன்று கூட்டித்தான் வைப்போம்: முறுக்கு ஐம்பத்தொன்று, லட்டு நூற்றொன்று.

"ஒண்ணு சேர்த்தா யாராலயும் சமமாப் பங்கு போட முடியாதும்மா. அப்போ பிரைம்தானே?"

தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே வகுபடும் பகா எண் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. ஐம்பத்தொன்றையே மூன்றால் வகுக்கலாம் என்றேன்.

"முறுக்கு வேற, லட்டு வேற" என்று அடித்துச் சொல்லிவிட்டாள்.

காலண்டர் தாளின் பின்புறம் நானே வகுத்துப் பார்த்தேன். மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எதனால் வகுத்தாலும் இரண்டு மிஞ்சியது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். பேசும்போது நடுவே தமிழ் வந்துவிடுமோ என்று வகுப்பில் வாயே திறக்காதவள், அன்று தானாக எழுந்து பேசினாளாம். ஒற்றைப்படை, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒரே எண், பகா எண். பிள்ளைகள் ஐம்பது வரை வகுத்துப் பார்த்தும் நடக்கவில்லை. யாராவது வகுக்கும் வரை இருக்கட்டும் என்று டீச்சர் அதைப் பகா எண்களோடு சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டார்.

மறுநாள் சாலைக் கடைத்தெருவில், ரவை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். சும்மா நிற்பானேன் என்று, லட்டுக் கணக்கான நூற்றொன்றால் போனில் வகுத்தேன். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று. மீதி பூஜ்யம்.

கணவரிடம் சொன்னேன். "அவ சந்தோஷத்தையும் நூத்தியொண்ணால வகுத்துடாதே, கேட்டோ" என்று மலையாளத்தில் முடித்துச் சிரித்தார்.

"வேற குழந்தை கண்டுபிடிச்சுட்டா?"

"கண்டுபிடிக்கட்டுமே. நம்பர் என்ன அவ சொத்தா?"

அவருக்கென்ன. "இன்னிக்கும் யாரும் வகுக்கலைம்மா!" என்று தினமும் சாயங்காலம் துள்ளிக்கொண்டு வருபவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டியவள் நான். நேற்று கூடுதலாக ஒரு சேதி: பக்கத்து பெஞ்சுப் பெண் தொண்ணூறைத் தாண்டிவிட்டாளாம்.

"பாவம், எதுக்கு மெனக்கெடறாளோ" என்று பிஸ்கட்டைக் கடித்தாள் என் மகள்.

நான் சொல்லிவிட்டால் அவளே எழுந்து தன் எண்ணை வகுத்துக் காட்டலாம். ஆனால் கண்டுபிடித்தது அம்மா என்றாகிவிடும். சொல்லாவிட்டால், இப்போதுதான் திறந்த வாய் மறுபடி மூடிக்கொள்ளுமோ என்று பயம். "நூறைத் தாண்டிப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்கலாமா? அதுவும் சொல்லிக்கொடுத்த மாதிரிதானோ? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது ஒரு வழி சொல்லுங்கள். திங்கட்கிழமை காலைக்குள் என்றால் நல்லது.