முட்டையில்லாத நாள்

உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் அந்தப் பருத்தியிலையின் அடிப்புறம் வானம்போல் விரிந்ததை இன்றும் காண்கிறேன். நரம்போரம் மெல்லிய நூலாம்படை. அதனிடையே பளிங்குமணிபோன்ற முட்டைகள். அவற்றைக் கடந்து ஊரும் செம்புள்ளிகள். சுரக்குடி வயலில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தபடி அதைக் காட்டியவர் என் அக்காளின் கணவர். சைகோனில் பிரெஞ்சுப் படைப்பணி முடித்துத் திரும்பிய அத்தானுக்கு உழவு புதிது. முந்தைய போகம் பொய்த்திருந்தது; இதுவும் பொய்த்தால் பிரான்சுக்குக் கப்பலேறுவதென்று அக்காள் முடிவுசெய்திருந்தாள். அவளன்றி எனக்கு வேறு உறவில்லை.

செஞ்சிலந்திப்பேனின் வாழ்வு ஒரு நீண்ட கனவைப்போல இருந்தது. ஆறு கால்களோடு பொரிந்த குஞ்சு சிறிது உண்டு, அசைவற்று உறங்கி, தோலுரித்து எட்டுக் கால்களோடு எழும். மீண்டும் உறக்கம், மீண்டும் புதுத்தோல். மூன்றாம் உறக்கம் கலைந்தபின் அது முட்டையிடும். கோடை வெயிலில் இத்தனையும் பத்தே நாளில் முடிந்துவிடும்.

அவற்றைக் கொல்லத் தூவும் கந்தகத்தூள் மூட்டை வீட்டில் காத்திருந்தது. அத்தானோ, "முட்டையையும் தூங்குறதையும் கந்தகம் ஒண்ணும் செய்யாது. எல்லாம் முழிக்கட்டும், ஒரே வீச்சுல முடிச்சிடலாம்" என்றார். பதுங்கியிருந்து சுட்டுப் பழகியவரின் கணக்கு அது.

"என்னங்க முசே, தாலாட்டு இன்னும் முடியலீங்களா?" என்று பிரெஞ்சுக்காரரை அழைக்கும் மரியாதையோடு சீண்டுவார் அடுத்த வயல்காரர்.

"கடைசிப் புள்ளையும் எழுந்திருக்கட்டுங்க" என்று கண்ணாடியிலிருந்து கண்ணெடுக்காமலே சிரிப்பார் அத்தான்.

உறங்கியவை எழுந்தபோது முன்னரே எழுந்தவை முட்டையிட்டிருந்தன. முட்டையில்லாத நாள் வரவேயில்லை. உடனே தூவி, சில நாள் கழித்துப் புதிதாய்ப் பொரிந்தவற்றுக்காக மறுமுறையும் தூவவேண்டும் என்பதை இன்று எவரும் சொல்வர். அன்று இலைகள் செம்புநிறமாகி உதிர்ந்தன, காய்கள் வெம்பின.

தருமபுரத்தில் என் பங்கு நிலம் இருந்தது. இன்னொரு போகத்துக்கு அதை எடுத்துக்கொள் என்று அக்காளிடம் சொல்ல நினைத்தேன். அவள் சினம் தணியட்டும் என்றிருந்தேன். சினம் தணிந்தபோது அழுதாள். அழுகை ஓய்ந்தபோது பெட்டி அடுக்கத் தொடங்கியிருந்தாள். வண்டியில் சாமான் ஏற்றிய காலையில்தான் என் வாய் திறந்தது.

அக்காள் என்னையே பார்த்தாள்.

"வயல் கருகினப்பவே சொல்லியிருக்கலாமேடி" என்றாள். "எந்த நாளுக்குக் காத்துக்கிட்டிருந்த?"