ஏலாது என்றால் ஏலாது

கழிப்பறைக்கு எதிரே உள்ள நடையில் நின்று பிள்ளைகளுக்கு ழகரம் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், என் கோபம் விளங்கும். நான் "வாழை" என்பேன். உள்ளே யாரோ தண்ணீரை இழுத்துவிடுவார்கள். மூன்றாம் வகுப்பு முழுவதும் சிரிக்கும். எங்கள் தமிழ்ப் பாடசாலைக்கு நகரசபை தந்திருந்த அறைகளில் இரண்டைப் போன வருடம் திருப்பி எடுத்துக்கொண்டது. கோடை விடுமுறை முடிந்ததும் மிச்சத்தையும் எடுக்கப் போகிறார்கள் என்று கதை.

இதைப் பற்றிப் பேச, பாடசாலையை நடத்துகிற எங்கள் சங்கத்தின் தலைவர் நகரசபைக்குப் போயிருந்தார். அதிகாரியைச் சந்திக்க டெர்மின் கிடைத்ததே பெரிய காரியம். அங்கே அதிகாரி, "சமாளித்துக்கொள்வீர்கள்தானே?" என்று கேட்டதும், "அல்லஸ் கூட்" என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டு வந்துவிட்டார். எல்லாம் நல்லம் என்றால் அந்த மனிதர் எதற்கு அறை தரப் போகிறார்? நான் தலைவரிடம் சண்டைக்குப் போனேன்.

"அங்கை போய்க் குரலை உயர்த்தப்படாது பிள்ளை. இருக்கிறதையும் பறிச்சுப்போடுவாங்கள்" என்றார்.

எனக்கு அனுபவத்தின் மேல் மரியாதை உண்டு. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். நேற்று வந்தவரிடம் மருந்து அலமாரித் திறப்பைக் கொடுக்க மாட்டேன். எங்கள் தலைவரைக் குறைத்துச் சொல்லவும் வாய் வராது. எல்லாருக்கும் அவர் அண்ணைதான். நாங்கள் இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்து இறங்கிய நாட்களில் டொச் மொழியில் இரண்டு வசனம் சேர்த்துப் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவரே. யாருக்குப் பிரசவம் என்றாலும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பார். அந்தக் காலத்தில் அலுவலகங்களில் பணிந்து போனதும் சரியான புத்திதான். இப்போது இந்த நாட்டில் வரி கட்டுகிறோம், வாக்குப் போடுகிறோம். அவர் மட்டும் இன்னும் பணிந்தே நிற்கிறார். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றிய அதே பழக்கம் இன்றைக்கு என் வகுப்பை நடையில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. இதைச் சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்கள். சொல்லட்டும்.

இந்த நேரத்தில்தான் இளம் தாய் ஒருத்தி சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: "வணக்கம். இந்த முறை தலைவர் பதவிக்கு நான் நிக்கிறன்." இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பக்கத்து ஊர் நகரசபையில் வேலை பார்க்கிறாள். அவளுடைய மூத்த மகனும் என் நடை வகுப்பில்தான் இருக்கிறான்.

உடனே தொலைபேசிகள் அலறத் தொடங்கின. எங்கள் சங்கத்தில் பதவியைத் தன் வாயால் கேட்கிற வழக்கமே இல்லை. பிறர் முன்மொழிய வேண்டும். முன்மொழியப்பட்டவர் எழுந்து தனக்கு ஏலாது என்று மூன்று தரமாவது சொல்ல வேண்டும். சனம் கெஞ்ச வேண்டும். பிறகு அவர் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொள்வார். யார் அந்தப் பெரிய மனதுக்காரர் என்பது கூட்டத்துக்கு முதலே தொலைபேசியில் முடிவாகியிருக்கும். செயலாளர் என்னையும் அழைத்தார்.

"அக்கா, போட்டி கீட்டி வேண்டாம். ஏகமனதாப் போகட்டும். அண்ணைக்கு அனுபவம் இருக்கு. அது சின்னப்பிள்ளை. இப்பவே பதவி ஆசை."

"ரெண்டு பிள்ளை பெத்தவள் சின்னப்பிள்ளையோ?"

"அதில்லை அக்கா. இன்னும் கொஞ்சம் பழகட்டும்."

"எங்கை பழகிறது? கதிரை அடுக்கியோ?"

அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழகவும் விட மாட்டார்கள், பழக்கமில்லை என்றும் சொல்வார்கள். புதிது என்பதற்காக எதையும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவள் இல்லை நான். அவள் கோபக்காரி என்றும் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் நகரசபைக்குள் எந்தக் கதவைத் தட்டினால் எது திறக்கும் என்று தெரிந்த ஒருத்தி, தானாகவே வந்து, நான் போய்க் கேட்கிறேன் என்கிறாள். அவளுக்கு அனுபவம் இல்லையாம்!

ஊன்ட்றொப் கோயில் தேர்த் திருவிழா முடிந்து அடுத்த ஞாயிறு சங்கத்தின் தெரிவுக் கூட்டம். பின்மேசையில் ரோல்ஸும் தேநீரும் ஆயத்தமாக இருந்தன. செயலாளர் தலைவர் பதவிக்குப் பெயர் கேட்டதும், சொல்லி வைத்தபடி ஒருவர் அண்ணையை முன்மொழிந்தார். அண்ணை மெல்ல எழுந்து கைகூப்பினார்.

"எனக்கு இனி ஏலாது. முழங்காலும் நோ. இனி இளம் ஆக்கள் பாக்கட்டும்."

இதே சொற்களைத்தான் ஒவ்வொரு முறையும் சொல்வார். முன்வரிசையில் ஒருவர், "அப்பிடிச் சொல்லப்படாது அண்ணை" என்று தொடங்க வாயைத் திறந்தார். அதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"அண்ணை ஏலாது எண்டு சொல்லிப்போட்டார். எத்தினை வருசமாச் சொல்லுறார், நாங்கள்தான் காதிலை விழுத்தேல்லை. இந்த முறை எண்டாலும் அவரின்ரை சொல்லுக்கு மதிப்புக் குடுப்பம்." சொல்லிவிட்டுக் கைதட்டினேன். என்ன செய்வதென்று தெரியாமல் மண்டபமும் கைதட்டியது. தட்டல் அடங்குமுன் அவளுடைய பெயரை முன்மொழிந்தேன்.

வழிமொழிய ஒருவரும் இல்லை. செயலாளர் கூரையைப் பார்த்தார். கடைசி வரிசையில் சென்னையிலிருந்து வந்த கணினிப் பொறியாளர் ஒருவர், ஒரு மாணவியின் தகப்பன், கையைத் தூக்கினார். எங்கள் தொலைபேசி ஏற்பாடு அவர் வரைக்கும் எட்டியிருக்கவில்லை.

"நான் செகண்ட் பண்றேன் சார்."

சம்மதமா என்று செயலாளர் வேண்டாவெறுப்பாக அவளைக் கேட்டார். "ஓம், சந்தோசமாச் செய்வன்" என்று முதல் தரமே சொன்னாள். யாரோ உச்சுக்கொட்டினார்கள். போட்டிக்கு ஆள் இல்லாததால் கைகள் தயங்கித் தயங்கி உயர்ந்தன.

வெளியே கார் தரிப்பிடத்தில் அண்ணை எனக்காகக் காத்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"ஒருக்காத்தானே பிள்ளை சொன்னனான்" என்றார்.

இரக்கம் வந்தது. கோபம் போகவில்லை.

"ஒரு அனுபவமும் இல்லாத பிள்ளையின்ரை கையிலை குடுத்துப்போட்டியள். இருக்கிற அறையளும் போனால் என்ன செய்வியள்?"

"போகவும் கூடும் அண்ணை. எனக்குத் தெரியாது" என்றேன். "ஆனால் உங்களை முதல் முதல் தெரிவு செய்யேக்கை நானும் கை உயர்த்தினனான். அப்ப உங்களுக்கு என்ன அனுபவம் இருந்தது? விசாகூட இருக்கேல்லை."