குடிலுக்குக் கீழே

முடிச்சூரில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கித்தான் ஞானசுந்தரியின் கணவன் ஜெபமணி செத்தான். முகமூடியும் இல்லை, இடுப்பில் கயிறும் இல்லை. விபத்து என்று எழுதி முடித்தார்கள். கொலைக்கு அதைவிட வசதியான சொல் நம்மிடம் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, கிறிஸ்துமஸ் கீதம் பாட அவளுடைய சபை அங்கே போனது. பாடகர் குழுவில் அவளும் இருந்தாள். தொட்டியின் அகலமான மூடியை ஓடு பதித்து மேடையாக்கி, அதன்மேலேயே குழந்தை இயேசு பொம்மையோடு குடில் அமைத்திருந்தார்கள்.

பாட்டு எழுந்ததும் தரைக்கடியிலிருந்து ஜெபமணியின் குரல் அவளுக்குக் கேட்டது. சபைக் கோயிலில் பாடியது போலவே அரைத்தாளம் பிந்திப் பாடினான். பேய் பிசாசை அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

பாட்டு முடிந்தது. "பாஸ்டர், ஜெபத்துல அவரு பேரையும் சொல்லுங்க," என்றாள்.

குடியிருப்புச் செயலாளர் நெளிந்தார். "நல்ல நாள்ல அதெல்லாம் எதுக்கும்மா? குழந்தைங்க நிக்கிறாங்க."

போதகர் கண்ணை மூடி, அங்கே குடியிருக்கும் குடும்பங்களை மட்டும் ஆசீர்வதித்தார்.

ஞானசுந்தரி குனிந்து மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். உடன் பாடும் ரெஜினா அவள் தோளைத் தொட்டாள். "இன்னாக்கா பண்றே? கேக் குடுக்கறாங்க, வா."

"கர்த்தர் இங்க கீழதான் கீறாருடி. மேல கீறது பொம்மை."

பிறகு, ஜெபத்தில் விடுபட்ட பெயரை அவளே உரக்கச் சொன்னாள். மூடியின்மேல் நின்றிருந்தவர்கள், கையில் கேக்கோடு, ஒவ்வொருவராக விலகி இறங்கினார்கள்.