ஹோவர்கிராஃப்டுக்குக் கட்டிய சாமந்தி மாலை

1. பாவாடை மேஸ்திரி

ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் ஆகிறது. இன்றைக்கும் கருங்குழி டீக்கடையில் எனக்குப் பாவாடை மேஸ்திரி என்றுதான் பெயர். ஹோவர்கிராஃப்ட் என்கிற வண்டிக்கு அடியில் சுற்றிலும் தடித்த ரப்பர் துணி தொங்கும். அதற்கு ஸ்கர்ட், அதாவது பாவாடை என்று பெயர். மேலே இருக்கிற பெரிய ஃபேன் காற்றை இழுத்து அதற்குள் அடைக்கும். அந்தக் காற்று மெத்தைமேல்தான் வண்டி மிதந்து போகும். ஸ்கர்ட் கிழிந்தால் காற்று நிற்காது, வண்டியும் எழும்பாது. அதைப் பார்த்துக்கொள்வதும் ஃபேனைச் சுத்தம் செய்வதும் என் வேலை.

என் மகளுக்கு நிச்சயம் பண்ண வந்த சம்பந்தி, மிலிட்டரியில் என்ன வேலை என்று மரியாதையாகத்தான் கேட்டார். என்னோடு அதே வண்டியில் இருந்த எஞ்சின் மெக்கானிக் பலராமன் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். மதுராந்தகத்து விவசாயக் குடும்பம், வாய் சும்மா இருக்காது. "அருளு பாவாட தெக்கிறாரு சார்" என்று போட்டு உடைத்துவிட்டான். நல்லவேளை, சம்பந்தி சிரித்துவிட்டார்.

2. நெத்திலி பறந்த கதை

எங்கள் கேம்ப் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் இருந்தது. வந்த புதிதில் ஒத்திகைக்காகக் கடப்பாக்கம் கரையில் வண்டியை ஏற்றினோம். படகு என்றால் கரைக்கு முன்பே நிற்க வேண்டும். இது தண்ணீர், சேறு, மணல் எதையும் பார்க்காது. முழங்கால் ஆழத் தண்ணீரிலும் பறக்கும். அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு கர்வம்.

மணலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. எங்கள் காற்றில் அத்தனையும் பறந்து ஊருக்குள் போய் விழுந்தது. காயவைத்தவர் பெயர் கன்னியம்மா. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நேராக எங்கள் கேப்டன் மேடத்திடம் வந்து நின்றார்.

"இன்னா வண்டிமா இது? ரெண்டு நாளா காயவெச்ச நெத்திலிய ஊர்ல கீற நாய்ங்களுக்குப் பங்கு போட்டுட்டு நிக்கிது."

மேடம் வேலூர்க்காரர். வயதில் என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். நாங்கள் எல்லோரும் குனிந்து நெத்திலி பொறுக்கினோம். பொறுக்கும்போது பலராமன் இந்த வண்டியின் மற்ற குறைகளையும் அவரிடம் ஒப்பித்தான். சத்தம் ரெண்டு ஊருக்குக் கேட்கும், திருடனைப் பிடிக்கப் போனால் அவன் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டே ஓடலாம். பிரேக் கிடையாது. பக்கக் காற்று அடித்தால் சறுக்கும். அலை பெரிதானால் ஆகாது. டீசலைக் குடத்தில் மொண்டு குடிக்கும். கன்னியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்புறம் இதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்றார். நாங்கள் இன்னும் நாலு நெத்திலியைப் பொறுக்கினோம்.

3. பூஜை முடிந்த ஒரு மணி நேரத்தில்

கன்னியம்மாவின் கேள்விக்குப் பதில் அடுத்த ஆயுத பூஜை அன்றைக்குக் கிடைத்தது.

நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். ஆனால் ஆயுத பூஜை என்றால் ஷெட்டில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முன்னால் பொட்டு, சுற்றிலும் சாமந்தி. வெளியே கட்டினால் கடல் காற்று பிய்த்துவிடும் என்று ஒரு மாலையை மட்டும் வண்டியைத் தூக்குகிற லிஃப்ட் ஃபேனுக்குக் காற்று போகிற கம்பி வலையைக் கழற்றி, உள்பக்கமாகக் கட்டினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பூஜை முடிந்தால் மறுநாள் காலை வரை வண்டியைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஷெட்டின் வழக்கம். பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை தின்று உட்கார்ந்தோம்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ரேடியோவில் அழைப்பு வந்தது. கடப்பாக்கம் முகத்துவாரத்தில் ஃபைபர் படகு ஒன்று கவிழ்ந்து, மூன்று பேர் நடுவில் இருக்கிற சேற்றுத் திட்டில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவருக்கு எஞ்சின் விழுந்து கால் முறிந்திருந்தது. ஆழம் இல்லாததால் படகு கிட்டே போக முடியாது. திட்டைச் சுற்றி இறங்கினால் இடுப்புவரை புதையும், நடக்கவும் முடியாது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, பொழுது சாய்வதற்குள் திட்டு மூழ்கிவிடும்.

வாழைக்கன்றை வெட்டி எறிந்தேன். வெளி மாலைகளைப் பிய்த்தேன். மேடம் ரெடியா என்று கேட்க, ரெடி என்று கட்டைவிரலைக் காட்டினேன்.

ஆலம்பரைக் கோட்டைச் சுவர் தெரிகிறவரை வண்டி அருமையாக ஓடியது. வாடைக்காற்று பக்கவாட்டில் தள்ளத் தள்ள, மேடம் வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நண்டு மாதிரி சாய்வாகவே ஓட்டி உள்ளே கொண்டுவந்தார். மூன்று பேரும் கண்ணில் பட்டார்கள். கூப்பிடு தூரம்தான். அப்போது லிஃப்ட் எஞ்சின் சூடு ஏற ஆரம்பித்தது. காற்று குறைந்தது. ஸ்கர்ட் ஒரு பக்கம் தொங்கி, வண்டி சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. உள்ளே கட்டிய மாலையை நான் எடுக்கவே இல்லை.

"எவ்ளோ நேரம் ஆகும்?" என்றார் மேடம்.

"பத்து நிமிஷம் மேடம்."

"அங்க பாத்துட்டுச் சொல்லுங்க."

பார்த்தேன். கால் முறிந்தவரை மற்ற இருவரும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் அவர்கள் தொடைக்கு வந்திருந்தது.

எஞ்சினை நிறுத்திவிட்டு மேலே ஏறினேன். பலராமன் ஸ்பேனர் எடுத்துத் தர, கம்பி வலையைக் கழற்றினேன். சாமந்தி இதழ் அத்தனையும் ஃபில்டரில் அப்பி அடை மாதிரி ஒட்டியிருந்தது. மாலை நார் கையைக் கிழித்தது. கை நிறைய அள்ளி அள்ளி வெளியே எறிந்தேன். யேசுவே, மாதாவே, பெருமாளே, கன்னியம்மாவின் கடலம்மாவே என்று ஒருவரையும் விடாமல் கூப்பிட்டேன். ஸ்டார்ட் கொடுத்தார்கள். சேறு லேசில் விடவில்லை. மேடம் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்து வண்டியை உலுக்கினார். மூன்றாவது தடவை ஸ்கர்ட் உப்பி எழுந்தது.

மூன்று பேரையும் ஏற்றினோம். கால் முறிந்தவர் பெயர் ஏழுமலை.

கரையில் ஊரே நின்றது. வண்டி மணலில் ஏற, பழையபடி நெத்திலி பறந்தது. நெத்திலிக்கு நடுவில் ஓடிவந்தவர் கன்னியம்மா.

"நெத்திலி போனா போவுது. எங்க வூட்டுக்காரரு உள்ள கீறாரா?"

ஏழுமலை உள்ளேயிருந்து கையை ஆட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க நெத்திலி பொறுக்கக் குனிந்தேன்.

4. பதின்மூன்றாவது வரி

கேம்ப் திரும்பியதும் மாலையை உள்ளே கட்டியது யார் என்று மேடம் கேட்டார். எல்லோரும் சேர்ந்துதான் என்று பலராமன் இழுத்தான். நான்தான் என்று சொன்னேன். ரிப்போர்ட்டில் எழுத வேண்டியிருக்கும் என்றார். எழுதச் சொன்னேன். ஒரு மாதம் லீவ் கிடையாது என்று தண்டனை வந்தது. அது நியாயம்தான்.

அதோடு மனசு ஆறவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுப் போட்டுப் படுத்திருந்த ஏழுமலையிடமும் சொன்னேன். என் பூவால்தான் பத்து நிமிஷம் தாமதம், அந்தப் பத்து நிமிஷத்தில் நீங்கள் போயிருந்தால் அதற்கு நான்தான் காரணம் என்றேன். அவர் தன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். கன்னியம்மா சிரிக்கவில்லை. கூடையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

வண்டி கிளப்புமுன் நாங்கள் சத்தமாகப் படிக்கிற செக் லிஸ்டில் பன்னிரண்டு வரிகள் உண்டு. மறுவாரம் மேடம் தன் கையால் பதின்மூன்றாவது எழுதினார்: பூ எடுத்தாச்சா? புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். நான் இருந்தவரை நானே எழுந்து நின்று கதையைச் சொன்னேன். நமக்கு வெட்கமான விஷயத்தை நாமே சொல்லிவிட்டால் அடுத்தவன் அதே தப்பைச் செய்யமாட்டான். முப்பது வருஷ சர்வீஸில் நான் கற்றது அவ்வளவுதான்.

போன ஆயுத பூஜைக்கு ஏழுமலையும் கன்னியம்மாவும் நெத்திலியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர் இன்னும் லேசாக நொண்டுகிறார். அவர்களுக்குப் பிரியாணி வாங்கி வர ஸ்கூட்டரை எடுத்தேன். ஹேண்டில்பாரில் மாலை தொங்கியது.

கன்னியம்மா வாசலில் வந்து வழியை மறித்தார்.

"அண்ணாத்த, மொதல்ல பூவ எடு. அப்பறம் வண்டிய எடு."

எடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.