அரண்மனைக் கோயிலில் என் பாடு

புயலில் மூன்று நாள் காணாமல் போன என் மகன் கரை திரும்பினால், அரண்மனைக்குள் இருக்கும் அம்மனுக்கு என் கையால் புடவை கொடுப்பதாக நேர்ந்திருந்தேன். மகன் வந்துவிட்டான். கோட்டைக்குப்பத்திலிருந்து பத்துப் பேர் வேன் பிடித்துப் போனோம். மருமகளும் வந்தாள்.

முதலில் அரண்மனையைச் சுற்றிக் காட்டினார்கள். ராஜா படுத்த கட்டில், ராணி முகம் பார்த்த கண்ணாடி என்று எல்லாவற்றையும் மருமகள் போனில் பிடித்தாள். எனக்குப் படிகள்தான் நினைவிருக்கின்றன. கோயில் வரிசைக்கு வருவதற்குள் முட்டி இரண்டும் விட்டுப்போயின.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு. இன்ன நாள் இன்ன இடத்தில் இன்னார் வலை போடலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். முறை விழுந்துவிட்டால் நாம் வீட்டில் படுத்திருந்தாலும் அங்கே வேறு வலை இறங்காது. அந்த நினைப்பில், மருமகள் பூ வாங்கப் போன நேரம், முன்னால் நின்ற பெண்ணிடம், "உன் பின்னாடி என் பாடும்மா" என்று சொல்லிவிட்டுத் தூண் நிழலில் போய் உட்கார்ந்தேன். கண் அசந்துவிட்டது.

திரும்பி வந்தால் அந்தப் பெண் இல்லை. வரிசையில் நுழையப் போனேன். ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

"பின்னாடி போங்க பாட்டிமா."

"என் பாடு இங்கதான்பா."

"உங்க பாடு கெடக்கட்டும், எங்க பாடே பெரும்பாடா இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். கெஞ்சியிருந்தால் விட்டிருப்பார்கள். எனக்குக் கெஞ்ச வராது. கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது நடை சாத்திவிட்டார்கள். இனி நாலு மணிக்குத்தான். வேனோ இரண்டு மணிக்குக் கிளம்பும்.

"இன்னா அத்த நீ, க்யூவப் போயி பாடுனு நெனச்சிக்கினியா?" என்றாள் மருமகள். "வாசல்ல இருக்கிறவருகிட்ட பொடவய குட்த்துட்டு வா. அவரு சேத்துடுவாரு."

"நேர்ந்துக்கினவ நானு. நடுவுல அவரு யாரு?"

"வேன் பூடும்."

"போவட்டும். பஸ்ஸு இல்லியா?"

"உன்ன உட்டுட்டுப் போனா உன் புள்ள என்ன சும்மா உடுவாரா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவளும் உட்கார்ந்தாள்.

முன்னால் நின்ற நாலு பேரும் கலைந்து போய்விட, மூடிய கதவுக்கு நேராக முதல் ஆளாய் உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். நிழலில் கொஞ்சம் காலை நீட்டு, இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மருமகள் சொல்லிப் பார்த்தாள். நான் அசையவில்லை. கதவு திறந்தபோது கால் இரண்டும் மரத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன். புடவையை அவள் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். கொடுக்கவில்லை. ஐயர் தட்டில் நானே வைத்தேன்.